டேவ் பார்தலோமியூவைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

ஆரம்பகால ராக் அண்ட் ரோல் என்றதும் பாடகர்களின் பெயர்தான் நம் வாயில் வரும். எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ. பாட்டை எழுதி, வாத்தியக்காரர்களைக் கூட்டி, யார் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, பதிவு அறையில் நின்று வேலை வாங்கியவர்களின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில், பாட்டின் தலைப்புக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் அது இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டேவ் பார்தலோமியூ அப்படிப்பட்டவர். அந்தத் தலைமுறையில் பாட்டு எழுதுவதையும் பதிவை நடத்துவதையும் சேர்த்துச் செய்தவர்களில் அவருக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். அவரைப் பின்தொடர்ந்தால் அந்த இசை எப்படி உருவானது என்பது உள்ளிருந்து விளங்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஹெட்போன் ஒன்று மட்டும் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனமான கீழ்வரி, காணாமல் போய்விடும். அவர் வேலையில் பாதி அந்தப் பாஸில்தான் இருக்கிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1918 டிசம்பர் 24 அன்று லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள எட்கார்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவர். குடும்பம் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு டிரம்பெட் கற்றுக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ். சிறுவன் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியர். அப்புறம் ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல்களில் ஃபேட்ஸ் பிச்சன் குழுவில் வாசித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்குப் போனார். அங்கே இசைக்குழுவில்தான் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலையைக் கற்றார்.

இந்த ராணுவப் பயிற்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து ஊர் திரும்பி அவர் அமைத்த குழு, நகரத்திலேயே கட்டுக்கோப்பான குழு என்று பெயர் வாங்கியது. நேரத்துக்கு வர வேண்டும், ஒழுங்காக உடுத்த வேண்டும், எழுதிக் கொடுத்ததைச் சரியாக வாசிக்க வேண்டும். அந்தக் கண்டிப்பு பதிவுகளில் கேட்கிறது. ஒரு சாக்ஸபோன் வரிசை ஒன்றாக நுழைந்து ஒன்றாக நிற்பதைக் கவனித்தால் போதும்.

1949-இல் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த இம்பீரியல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர் லூ சட், நியூ ஆர்லியன்ஸில் தன் பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்யும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார். கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று பாடல்கள், இந்த வரிசையில்

முதல் நாளே நூறு பாட்டு அடங்கிய தொகுப்பைத் திறக்காதீர்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கும், சலித்துவிடும். மூன்றே பாடல்கள் எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை சும்மா, இரண்டாம் முறை டிரம்ஸை மட்டும், மூன்றாம் முறை பாஸையும் சாக்ஸபோனையும் மட்டும்.

முதலாவது, 'தி ஃபேட் மேன்'. 1949 டிசம்பர் 10 அன்று பதிவானது. நைன்த் வார்டு பகுதியில் இருந்த ஹைட்அவே என்ற கிளப்பில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த 21 வயது ஃபேட்ஸ் டாமினோவை, லூ சட்டும் பார்தலோமியூவும் போய்ப் பார்த்துப் பிடித்து வந்தார்கள். சாம்பியன் ஜாக் டூப்ரீ 1940-களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'ஜங்கர் ப்ளூஸ்' என்ற பாட்டின் மெட்டுதான் இதன் அடித்தளம். அது போதைப்பழக்கத்தைப் பற்றிய பாட்டு. வானொலிக்கும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்கும் அதை அப்படியே கொடுக்க முடியாது. அதனால், 200 பவுண்டு எடையுள்ள குண்டு மனிதன் தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பாடுவதாகச் சொற்கள் மாறின. பியானோ முதல் நொடியிலேயே முன்னால் வந்து நிற்கிறது. நடுவில் வழக்கமாகச் சாக்ஸபோன் தனியாக வாசிக்கும் இடத்தில் டாமினோ குரலை மேலே ஏற்றி, வாயை மூடித் திறந்து 'வா வா' என்று ஊதுவதுபோல் பாடுகிறார். டிரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் பாமர். ஒரு பாட்டு முழுக்க இரண்டாவது, நான்காவது அடிகளை மட்டும் ஓங்கி அடித்தது இதில்தான் முதல் முறை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று எந்த நாட்டுப் பாப் பாடலிலும் கேட்கிற அடி அது.

இரண்டாவது, 1955-இல் வந்த 'ஐன்ட் தட் எ ஷேம்'. பாட்டு தொடங்கியதும் டாமினோ ஒரு துண்டு பாடுகிறார், குழு இரண்டு அடி கொடுத்து நிற்கிறது. அடுத்த துண்டு, மறுபடி இரண்டு அடி. பாடகரின் குரல் அந்த இடைவெளியில் தனியாக நிற்பதால், மூன்று நான்கு சொற்கள் காதில் ஒட்டிக்கொள்கின்றன. பார்தலோமியூவின் பெரிய பலம் இது. எளிமையாக எழுதினார், அதைவிட முக்கியமாக, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து எழுதினார்.

மூன்றாவது, 1957-இன் 'ஐ ஆம் வாக்கின்'. இங்கே நியூ ஆர்லியன்ஸ் தெரு உள்ளே வருகிறது. அந்த ஊரில் சவ ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் பித்தளை வாத்தியக் குழு நடந்துகொண்டே வாசிக்கும். பின்னால் கூட்டம் ஆடிக்கொண்டே வரும். அந்தக் கூட்டத்தைச் செகண்ட் லைன் என்பார்கள், அந்தத் தாளத்துக்கும் அதே பெயர்தான். ஏர்ல் பாமர் அந்த நடையைத்தான் இதில் வாசிக்கிறார். காலைச் சும்மா வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.

கையால் தட்டிப் பாருங்கள்

இப்போது அவரே பாடிய 'கன்ட்ரி பாய்' என்ற பாட்டை எடுங்கள். 1949-இல் டீலக்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தது. பாட்டு பெரிய விஷயமில்லை. சாக்ஸபோன்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தச் சிறு வரியை மட்டும் பிடியுங்கள்.

எட்டு வரை எண்ணுங்கள். 1, 4, 7 ஆகிய மூன்று எண்களில் மட்டும் தட்டுங்கள். மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டினால் உடனே வந்துவிடும். கியூபாவிலிருந்து வந்த தாளம் இது. ஒரு ரும்பா இசைத்தட்டில் பாஸ் வாசித்ததைக் கேட்டு, அதை எடுத்துச் சாக்ஸபோன்களுக்கு எழுதிக் கொடுத்ததாகப் பார்தலோமியூ பேட்டியில் விளக்கியிருக்கிறார். கீழே பாஸும் டிரம்ஸும் வழக்கமான ஸ்விங் நடையில் போகும். மேலே சாக்ஸபோன் கியூப நடையில் போகும். இரண்டும் உரசுகிற இடத்தில்தான் அந்தத் துள்ளல் பிறக்கிறது.

அவர் அங்கேயே நிற்கவில்லை. வருடங்கள் போகப் போக அந்தக் கீழ்வரியைக் கனமாக்கிக்கொண்டே போனார். ஸ்ட்ரிங் பாஸ், எலெக்ட்ரிக் கித்தார், பாரிடோன் சாக்ஸபோன் மூன்றையும் ஒரே வரியை ஒன்றாக வாசிக்க வைத்தார். அன்றைய சிறிய வானொலிப் பெட்டிகளில் ஸ்ட்ரிங் பாஸ் மட்டும் வாசித்தால் சரியாக எடுபடாது. கித்தாரின் கூர்மையும் சாக்ஸபோனின் மூச்சும் சேரும்போது அந்த வரி தனியாகத் தெரிகிறது. இதைக் காது பிடித்துவிட்டால், லேபிளைப் பார்க்காமலே 'இது பார்தலோமியூ வேலை' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். என் அனுபவத்தில் இது சில நாட்களிலேயே கைகூடும்.

லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

ஸ்ட்ரீமிங் செயலிகளில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பெரும்பாலும் எழுதியவர் விவரம் கிடைக்கும். பழைய இசைத்தட்டுகளின் லேபிள் படங்களும் இணையத்தில் நிறைய இருக்கின்றன. தலைப்புக்குக் கீழே உள்ள பெயர்களைப் பாருங்கள். டாமினோ பாடிய பலவற்றில் 'டாமினோ, பார்தலோமியூ' என்று இரண்டு பெயர்கள் இருக்கும்.

இந்தப் பொடி எழுத்தில்தான் பணம் இருந்தது. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் பாட்டு உரிமையாளருக்குப் போக வேண்டும். 1978-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இதே தொகைதான். வெளியீட்டாளரும் எழுதியவர்களும் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இதில் முக்கியமான விஷயம், யார் பாடி விற்றாலும் எழுதியவருக்குப் பங்கு உண்டு. பாடகருக்கு அவர் பாடிய தட்டு விற்றால் மட்டுமே காசு.

'ஐன்ட் தட் எ ஷேம்' கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். டாமினோவின் பதிவு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. அது கறுப்பினத்தவரின் சந்தையைக் கணக்கெடுத்த பட்டியல். 1949 வரை அதற்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றே பெயர். வெள்ளையர்கள் வாங்கிய பொதுப் பட்டியலில் பேட் பூன் என்ற வெள்ளை இளைஞர் பாடிய நகல் முதலிடத்துக்குப் போனது. டாமினோவுக்கு 10-ஆம் இடம். நிறம் பார்த்துச் சந்தையைப் பிரித்து வைத்திருந்த ஊரில், எழுதியவர் என்ற அந்த ஒரு வரி இருந்ததால்தான் பேட் பூன் விற்ற பிரதிகளிலும் இவர்களுக்குப் பங்கு வந்தது. அநியாயத்தை அது சரிசெய்துவிடவில்லை. ஆனால் எழுதியவர் பெயர் இல்லாத எத்தனையோ கலைஞர்களுக்கு அந்தப் பங்குகூட வரவில்லை.

ஜோடி போட்டுக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

ஸ்மைலி லூயிஸ் என்ற பாடகரைத் தேடுங்கள். பெரிய குரல், கனமான குரல். பார்தலோமியூ தன் மிக நல்ல பாடல்களில் சிலவற்றை இவருக்குத்தான் முதலில் கொடுத்தார். அவற்றில் பலவும் வேறு யாரோ பாடித்தான் உலகத்துக்குத் தெரிந்தன. 1966-இல் புற்றுநோயில் லூயிஸ் இறந்தபோது ஊருக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. இந்த மனிதரைக் கேட்காமல் பார்தலோமியூவைக் கேட்டதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

'ப்ளூ மண்டே' முதல் ஜோடி. வாரம் முழுவதும் மாடாய் உழைத்து, சனிக்கிழமை இரவு ஆடித் தீர்த்து, ஞாயிறு தலைவலியோடு கிடந்து, மறுபடி திங்களைச் சந்திக்கிற தொழிலாளியின் பாட்டு. 1954 தொடக்கத்தில் லூயிஸ் பதிவு வந்தது. 1956 கடைசியில் டாமினோ பதிவு. லூயிஸ் பாடும்போது அந்த ஆளுக்குத் திங்கள்கிழமை மேல் உண்மையான கோபம் இருக்கிறது. டாமினோ பாடும்போது அலுப்பு இருக்கிறது, கூடவே ஒரு சிரிப்பும். அதே பாட்டு, அதே இசையமைப்பாளர். பாடகரின் சுபாவத்துக்கு ஏற்ப இசை ஏற்பாடு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

அடுத்தது 'ஐ ஹியர் யூ நாக்கிங்'. லூயிஸ் 1955-இல் பாடியது. பியானோ ஹூயி ஸ்மித். அதே வருடம் கேல் ஸ்டார்ம் என்ற நடிகை பாடிய நகல் பொதுப் பட்டியலில் மேலே போய்விட்டது. 1970-இல் டேவ் எட்மண்ட்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் பாடிப் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். எட்மண்ட்ஸ் பதிவில் நடுவே வாத்தியம் மட்டும் வாசிக்கும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: ஃபேட்ஸ் டாமினோ, ஸ்மைலி லூயிஸ், சக் பெர்ரி, ஹூயி ஸ்மித் என்று ஒவ்வொரு பெயராகக் கூவுகிறார். முன்னோடிகளுக்குப் பாட்டுக்குள்ளேயே வைத்த வணக்கம் அது.

மூன்றாவது 'ஒன் நைட்'. லூயிஸின் 1956 பதிவில், ஒரு இரவு செய்த பாவத்துக்கு இப்போது விலை கொடுக்கிறேன் என்று வருந்துகிறான் நாயகன். எல்விஸ் 1958-இல் வெளியிட்டதில், உன்னோடு ஒரு இரவு வேண்டும் என்று ஏங்குகிறான். ஒரு சில சொற்களை மாற்றியதில் பாட்டின் காலமே திரும்பிவிட்டது. நடந்து முடிந்ததைப் பற்றிய பாட்டு இனி நடக்க வேண்டியதைப் பற்றிய பாட்டாகிவிட்டது. பழைய சொற்களோடும் எல்விஸ் ஒருமுறை பதிவுசெய்திருக்கிறார். அது அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

அறையைப் பின்தொடருங்கள்

இந்தப் பதிவுகளில் பல நியூ ஆர்லியன்ஸில் நார்த் ராம்பார்ட் தெருவும் டுமெய்ன் தெருவும் சந்திக்கும் முனையில் நடந்தன. காஸிமோ மட்டாசா என்பவரின் மின்சாதன, இசைத்தட்டுக் கடை அது. பின்னால் இருந்த சிறிய அறைதான் ஜே அண்ட் எம் ஸ்டூடியோ. தொடக்க வருடங்களில் ஒலிநாடாவே கிடையாது. வாசிப்பது நேராகத் தட்டில் வெட்டப்படும். யாராவது ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மைக்குகளும் கைவிரல் எண்ணிக்கையில்தான். சத்தத்தைக் கூட்டக் குறைக்க வேண்டுமென்றால் ஆளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். பார்தலோமியூவின் கண்டிப்புக்கு இங்கே நேரடியான பயன் இருந்தது. அந்தக் கட்டடம் பின்னாளில் சலவைக்கடை ஆனது. வாசல் தரையில் பழைய கடைப்பெயர் பதித்திருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் பார்க்கலாம்.

அறையைப் பின்தொடர்வதற்கு வழி இதுதான். அதே வாத்தியக்காரர்கள் வேறு நிறுவனங்களுக்கு வாசித்ததைத் தேடுங்கள். 1950-க்குப் பிறகு கொஞ்ச காலம் லூ சட்டோடு மனக்கசப்பு ஏற்பட்டுப் பார்தலோமியூ இம்பீரியலை விட்டு விலகியிருந்தார். 1952-இல் ஸ்பெஷல்டி நிறுவனத்தின் ஆர்ட் ரூப் பாடகர் தேடி ஊருக்கு வந்தபோது, லாய்ட் பிரைஸ் என்ற 19 வயதுப் பையன் 'லாடி மிஸ் க்லாடி' பாடினார். பதிவை நடத்தியவர் பார்தலோமியூ. பியானோவில் உட்கார்ந்தவர் ஃபேட்ஸ் டாமினோ. தொடக்கத்தில் உருண்டுவரும் அந்தப் பியானோவைக் கேட்டதுமே யார் என்று தெரிந்துவிடும். பாட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்ட் 'டூட்டி ஃப்ரூட்டி' பதிவுசெய்ததும் இதே அறையில்தான். அதை நடத்தியவர் பம்ப்ஸ் பிளாக்வெல். ஆனால் பின்னால் ஏர்ல் பாமரும் மற்றவர்களும் என்று பார்தலோமியூ வளர்த்த கூட்டம்தான் வாசித்தது.

அவருடைய குரலிலேயே

தன் பெயரில் அவர் பாடியவற்றுக்குப் பெரிய விற்பனை இல்லை. ஆனாலும் 'தி மங்கி'யைத் தவறவிடாதீர்கள். 1957. மூன்று குரங்குகள் தென்னை மரத்தில் உட்கார்ந்து பேசுகின்றன: மனிதன் நம் வம்சத்தில் வந்தவனாம், இதை ஒத்துக்கொள்ள முடியுமா? எந்தக் குரங்காவது குட்டியைப் பட்டினி போட்டதுண்டா? அவர் பாடக்கூட இல்லை, பேசுகிறார். அடியில் ஒரே கனமான வரி விடாமல் சுழல்கிறது. இனப்பாகுபாடு சட்டமாக இருந்த தெற்கு மாநிலத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் இதைப் பேசினார் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

1952-இல் கிங் நிறுவனத்துக்கு அவர் பாடிய 'மை டிங்-எ-லிங்' இரட்டை அர்த்தப் பாட்டு. சக் பெர்ரி 1972-இல் அதை மேடையில் பாடி, அமெரிக்கப் பொதுப் பட்டியலில் தன் ஒரே முதலிடத்தைப் பெற்றார். அவ்வளவு அருமையாக எழுதிய சக் பெர்ரிக்கு அந்த இடம் இந்தப் பாட்டால் கிடைத்ததில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தடுக்கி விழக்கூடிய இடங்கள்

'ப்ளூபெர்ரி ஹில்' டாமினோவின் மிகப் பெரிய பாட்டு. அதனால் பார்தலோமியூ எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது 1940-லேயே வந்த பழைய பாட்டு. 'வாக்கிங் டு நியூ ஆர்லியன்ஸ்' பாபி சார்ல்ஸ் எழுதியது.

செயலிகளில் டாமினோ பிற்காலத்தில் வேறு நிறுவனங்களுக்குத் திரும்பப் பாடிய பதிவுகளும் மேடைப் பதிவுகளும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும். இம்பீரியல் பெயரும் 1949 முதல் 1962 வரையான ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு பார்க்கும்போதும் கவனம் வேண்டும்: பதிவான தேதி ஒன்று, வெளியான தேதி இன்னொன்று, சில சமயம் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி.

'முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது' என்ற சண்டைக்குள் போகாதீர்கள். 'தி ஃபேட் மேன்' அந்தப் பட்டியலில் எப்போதும் இருக்கும். கூடவே இன்னும் பத்து இருக்கும். நேரம் வீண்.

1963-க்குப் பிறகு

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். டாமினோ 1963-இல் ஏபிசி-பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார். அதே வருடம் லூ சட் இம்பீரியலை லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்றார். பார்தலோமியூ ஊரிலேயே இருந்துவிட்டார். சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்தினார், தன் குழுவோடு ஜாஸும் வாசித்தார். 1991-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 1998-இல் பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில். டாமினோ 2017 அக்டோபரில் இறந்தார். பார்தலோமியூ 2019 ஜூன் 23 அன்று, தன் 100-ஆவது வயதில்.

இவ்வளவும் கேட்டு முடித்தவர்கள் அடுத்து இரண்டு பக்கம் போகலாம். ஒன்று, ஏர்ல் கிங். 1960-களின் தொடக்கத்தில் பார்தலோமியூ அவருக்கு நடத்திக் கொடுத்த 'கம் ஆன்', 'ட்ரிக் பேக்' இரண்டையும் கேளுங்கள்; 'கம் ஆன்' பாட்டைத்தான் 1968-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எடுத்துப் பாடினார். இன்னொன்று, ஆலன் டூசான்ட். டாமினோ ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போயிருந்த நாட்களில், அவர் பாணியிலேயே பியானோ வாசிக்கப் பார்தலோமியூ கூப்பிட்டுப் பயன்படுத்திய இளைஞன் இவர்தான். அந்த அறையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துப் பழகியவர், 1960-களில் நியூ ஆர்லியன்ஸின் அடுத்த பெரிய பாடலாசிரியராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார். அவரிடமிருந்து தொடங்க எர்னி கே டோ பாடிய 'மதர்-இன்-லா' நல்ல பாட்டு. 1961.